பேச்சுக்குப் பக்கத்தில் ஒரு திட்டு

என் கணவர் திருகோணமலைத் துறைமுகத்தில் படகு எஞ்சின் திருத்துகிறவர். வாய் ஓயாத மனிதர். அப்படிப்பட்டவருக்கு ஒருநாள் உட்கார ஒன்று கேட்கையில் ‘கதிரை’ என்ற சொல் வரவில்லை, கையால் காட்டினார். பகிடி என்று நினைத்துச் சிரித்தேன். அந்தச் சிரிப்புக்காக இன்றும் என்னை நானே ஏசிக்கொள்கிறேன்.

சி.ரி. ஸ்கானில் மூளையின் இடது பக்கத்தில், பேச்சு இருக்கும் இடத்துக்கு அருகே, ஒரு திட்டுத் தெரிந்தது. பழைய கிருமித் தொற்றின் வடுவாக இருக்கலாம், வளரும் கட்டியாகவும் இருக்கலாம் என்றார் டொக்டர். கட்டியென்றால் வெட்ட வேண்டும். வெட்டினால் பேச்சுப் போகலாம். அதனால் முதலில் கொழும்பில், எம்.ஆர்.ஐ. இயந்திரத்தில் இன்னொரு சோதனை. மண்டையைத் திறக்காமலே திட்டுக்குள் என்னென்ன இரசாயனம் எவ்வளவு இருக்கிறது என்று அது வரைந்து காட்டுமாம். தலையாட்டினேன். எனக்குள் ஒன்றும் அசையவில்லை.

ஸ்கான் அறை வாசலில் தமிழ் தெரிந்த ஒரு பிள்ளை சீருடையில், படிவத்தோடு வந்தாள்.

“ஐயா, உடம்புக்குள்ள இரும்பு ஏதும் இருக்குதா?”

“இல்லை.”

“வடிவா யோசிச்சுச் சொல்லுங்கோ. காந்தம் இழுத்துப்போடும்.”

“இல்லையெண்டு சொல்லிட்டன்தானே பிள்ளை.”

அவருடைய வலது தொடைக்குள் ஷெல் துண்டொன்று இருக்கிறது. பொய் சொல்லும் மனிதர் அல்ல. ஆனால் எங்கள் பக்கத்தில் அந்த வயது ஆண்களுக்கு இது ஊறிப்போன பழக்கம். செக்பொயின்றில் ஷெல் காயம் என்று சொன்னால் எந்த இயக்கம், எந்த முகாம் என்று விசாரணை தொடங்கும். மரத்தால் விழுந்த தழும்பு என்றே சொல்லித் தப்பினார்கள். சண்டை முடிந்து இத்தனை வருடமாகியும், சீருடை போட்ட ஒருவர் கேட்டால் வாய் தானாக இல்லை என்கிறது. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

“பிள்ளை, இருக்குது. தொடையில ஷெல் துண்டு,” என்றேன்.

ஆமியிடம் காட்டிக்கொடுத்தவளைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார்.

எக்ஸ்ரே எடுத்தார்கள். துண்டு பெரிய இரத்தக்குழாய்க்குத் தூரத்தில் இருந்தது. ஆளைக் கூப்பிடும் றப்பர் பந்தொன்றைக் கையில் கொடுத்து, தொடை சுட்டால் அதை அமத்தச் சொல்லி உள்ளே விட்டார்கள். நான் வெளியே இருந்து ஒரு பைக்கற் பிஸ்கற்றைத் தின்று முடித்தேன். பசிக்கவில்லை.

பின்னேரம் டொக்டர் மேடும் பள்ளமுமான ஒரு கோட்டுப்படத்தைக் காட்டினார்.

“இந்த மேடு நல்ல நரம்புக் கலங்களிட அடையாளம். நிமிர்ந்து நிக்க வேணும், விழுந்து கிடக்குது. மற்ற மேடு கோலின் எண்ட இரசாயனம். கலங்கள் பெருகேக்கதான் இப்பிடி உயரும்.”

“அப்ப கட்டியோ?”

“ஓம் அம்மா. அப்பிடித்தான் தெரியுது. வாற கிழமை வெட்டுவம்.”

ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. திகதியை எழுதி வாங்கிக் கைப்பைக்குள் வைத்தேன்.

திருகோணமலை பஸ்ஸில் அவரை ஜன்னலோரம் இருத்தினேன்.

“ஏதும் கதையுங்கோவன்,” என்றேன்.

“நீ கதை,” என்றார். “நான் கேட்டுப் பழக வேணும்.”

ஊர் வந்து சேரும்வரை எனக்கு ஒரு சொல்லும் வரவில்லை.