பஸ்ஸில் வந்த பன்

பன் மாவை நான் முதலில் காலால்தான் பிசைந்தேன். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு, கண்ட ஊரெல்லாம் சுற்றி, சென்னைத் துறைமுகத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்த ரொட்டிக் கிடங்கில் ஒதுங்கியிருந்த காலம் அது. தொட்டியில் மைதாவைக் கொட்டித் தண்ணீர் ஊற்றினால் கை போதாது. லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு இரண்டு பேர் இறங்கி மிதிப்போம். வேர்வை மூக்கு நுனியில் சேர்ந்து மாவில் சொட்டும். என்னோடு மிதித்தவனுக்கு விரலிடுக்கில் சேற்றுப்புண். கரப்பான்பூச்சி கண்ணில் பட்டால் எடுத்துப் போடுவோம், படாதது பன்னோடு வெந்துவிடும். காலையில் பார்த்தால் அதெல்லாம் கண்ணாடி அலமாரியில் மினுமினுவென்று உட்கார்ந்திருக்கும். அங்கே இருந்தவரை நான் ஒரு பன்னும் தின்றதில்லை.

அதுவும் சலித்துப்போய் ஊருக்குத் திரும்பியபோது என்னிடம் இருந்தவை இரண்டு பேண்டும், பாக்கிக் கூலிக்குப் பதிலாகத் தூக்கி வந்த ஒரு தகர டப்பாவும். முன்பக்கம் கண்ணாடி வைத்த பன் டப்பா.

எங்கள் காலனி மாகறல் பக்கம், செய்யாற்றை ஒட்டி, ஊர்த்தெருவிலிருந்து தள்ளி இருந்தது. வீட்டில் அக்கா மட்டும். புருஷன் செத்த பிறகு ரைஸ் மில் களத்தில் அவித்த நெல்லைக் காயவைக்கும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். நான் வந்தபோது வேலையை விட்டிருந்தாள். ஏன் என்று கேட்டதற்கு ஜாக்கெட் கையை ஏற்றிக் காட்டினாள். நாலு விரல் பதிந்து கன்றிப்போயிருந்தது.

"களத்து மேஸ்திரி. மூட்ட மறைவுக்கு இஸ்துகினு போவப் பாத்தான். மணிக்கட்ட கடிச்சிட்டு ஓடியாந்துட்டேன்."

"மில்லுக்காரர்கிட்ட சொல்றதுதான?"

"சொல்லாம கீறனா? நீ இன்னாடி பண்ணன்னு என்னியே கேக்கறாரு. பட்டினியா கெடந்தாலும் இனி அந்தக் களத்துல கால வெக்க மாட்டேன்டா."

அறுவடை முடிந்திருந்தது. களத்தை விட்டால் அவளுக்கு வேறு கூலி இல்லை. எனக்குத் தெரிந்த ஒரே தொழில் பன். அதனால் வீட்டிலேயே பன் சுடலாம் என்றேன்.

செலவு செய்யக் கையில் ஒன்றும் இல்லை. அடி நெளிந்த அலுமினியக் குண்டானில் ஆற்று மணலை நிரப்பி, அதன்மேல் தட்டை வைத்து, மூடியின்மேல் நெருப்புத் துண்டுகளைப் பரப்பினோம். எரிக்க வேர்க்கடலைத் தோல். ரேஷன் மைதாவில் புழு நெளிந்தது. பழைய வேட்டித் துணியில் சலித்தோம். கள்ளுக்கடைகள் திறந்திருந்த வருஷங்கள் அவை. ஈஸ்ட்டுக்குப் பதிலாகக் கள்ளின் அடிமண்டியை வாங்கி வந்து மாவில் ஊற்றினேன்.

முதல் தட்டு பன் அடியில் கரி, நடுவில் பச்சை மாவு. வீடு முழுக்க வாந்தி எடுத்த வாடை. வாசலில் போட்டதை நாய் மோந்து பார்த்துவிட்டுப் போனது. அடுத்த தடவை சிக்கனமாக இருக்கட்டும் என்று மலிவு எண்ணெயை ஊற்றினேன். காறல் தொண்டையை விட்டு இறங்கவில்லை. அக்காதான் சரிசெய்தாள். கள்ளைக் குறைத்து வெல்லம் கரைத்துச் சேர்த்தாள், மணலை நன்றாகச் சூடேற்றிய பிறகே தட்டை வைத்தாள். முழங்கை வரை சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவாமல் மாவைத் தொடமாட்டாள். வெந்ததும் கோழி இறகால் வெல்லத் தண்ணீர் தடவுவாள். அந்த பன்னைப் பிய்த்தால் பஞ்சுபோல் வந்தது. என் வாழ்க்கையில் நான் ஆசையாகத் தின்ற முதல் பன் அதுதான்.

காலனியில் தினம் பன் வாங்க யாரிடம் காசு இருக்கிறது? விற்க வேண்டுமென்றால் கூட்டு ரோட்டு டீக்கடைதான். அந்தக் கடையில் எங்கள் ஆட்களுக்கென்று தனிக் கிளாஸ், கொட்டகைக்கு வெளியே கம்பத்தில் மாட்டியிருக்கும். காலனியில் சுட்ட பன்னை அவன் வாங்குவானா?

எனவே, விடிந்ததும் பேண்ட் போட்டு, தலையை வாரிக்கொண்டு, வரப்பு வழியாக முந்தின ஸ்டாப்புக்கு நடப்பேன். காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் போகும் பஸ்ஸில் டப்பாவோடு ஏறி, அடுத்த ஸ்டாப்பான கூட்டு ரோட்டில் இறங்குவேன்.

"இன்னாபா, ஒரு ஸ்டாப்புக்கு பஸ்ஸா? நடந்தா பன்னுக்குக் கால் வலிக்குமா?" என்பார் கண்டக்டர்.

பல வருஷம் ஊரில் இல்லாத என்னை டீக்கடைக்காரனுக்கு அடையாளம் தெரியவில்லை. காஞ்சிபுரத்து ஆள் என்று நினைத்துக்கொண்டான். "வாங்க பேக்கரி தம்பி" என்று பெஞ்சில் உட்காரவைத்து, உள் கிளாசில் டீ கொடுப்பான். உள் கிளாசிலும் அதே கழுநீர்தான்.

பன் உடனே தீர்ந்துவிடும். "டவுன் பன்னு டவுன் பன்னுதான்பா, இன்னா மெத்துன்னு கீது பாரு" என்பார்கள். தின்கிறவர்களில் ஒருவன் டீயில் பன்னை முக்கி, சர்ரென்று உறிஞ்சி, மீசையில் ஒட்டிய துணுக்கை நாக்கால் வழித்துத் தின்பான். அவன் மணிக்கட்டில் பல் பதிந்த தழும்பு இருந்தது. அக்கா கடித்த மேஸ்திரி இவன்தான் என்று புரிந்துவிட்டது. ஆனால் வாயைத் திறந்தால் அக்காவின் பிழைப்பு போய்விடும். டப்பாவைத் துடைத்துக்கொண்டு எழுந்துவிடுவேன்.

ஒருநாள் அதிகாலையில் மேஸ்திரி வயலுக்கு மடை திறந்துவிட வந்திருக்கிறான். காலனியில் அக்கா வீட்டிலிருந்து டப்பாவோடு நான் வரப்பில் ஏறுவதைப் பார்த்துவிட்டான். நான் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது சைக்கிளைப் போட்டுவிட்டுக் கடைவாசலில் நின்றுகொண்டிருந்தான்.

"டேய், நீ அவ தம்பிதான? காலனி வூட்டு பன்னையாடா எங்களுக்குப் போட்டுக்கினு இருந்த?"

கடைக்காரன் முகம் சுருங்கிவிட்டது. நேற்றுவரை தம்பி என்றவன், "எறங்குடா பெஞ்ச விட்டு" என்றான். நான் பெஞ்சில் உட்காரவே இல்லை. டப்பாவைப் பிடுங்கி பன்னையெல்லாம் சாக்கடையில் கொட்டினான். மேஸ்திரி கடைக்குப் பின்னால் போய்த் தொண்டைக்குள் விரலை விட்டு ஓக்காளித்தான். எத்தனையோ நாளாகத் தின்றது, ஒரு விரலுக்கா வந்துவிடும்? கொஞ்சம் எச்சில்தான் வந்தது.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "டவுன் பன்னு எப்பிடி செய்யறாங்கன்னு தெரியுமா? காலால மெதிக்கிறாங்க. நானே மெதிச்சிருக்கேன். வேர்வ, சேத்துப்புண்ணு எல்லாம் அதுலதான். எங்க அக்கா கை கழுவாம மாவத் தொட மாட்டா" என்றேன்.

மேஸ்திரி வாயைத் துடைத்துக்கொண்டு வந்தான். "அது எவன் காலோ, எனுக்குத் தெரியாது. இது எவ கைன்னு தெரியுதே" என்றான்.

அந்தக் கையைத்தான் இவன் பிடித்து இழுத்தான். அப்போது மட்டும் குமட்டவில்லை.

பன்னைக் கொட்டியவர்கள் டப்பாவைத் தரவில்லை. மஞ்சள் தண்ணீர் தெளித்துக் கடைக்காரனே வைத்துக்கொண்டான்.

நடந்ததை அக்காவிடம் சொன்னேன். மீந்த மைதாவைக் கட்டிப் பரண்மேல் போட்டாள். அதற்குள் மில்லிலிருந்து ஆள் வந்து, களத்துக்கு வந்தால் சேர்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் போனான். அவள் கழுவிய குண்டானையே திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தாள்.

அந்த வாரத்திலேயே ஒரு சாயங்காலம் டீக்கடைக்காரன் வந்தான். காலனிக்குள் கால் வைக்காமல் வேப்பமரத்தடியில் நின்று கைதட்டிக் கூப்பிட்டான்.

"நெஜமான காஞ்சிபுரத்து பன்னு வாங்கிப் போட்டேன். கட்ட மாதிரி கீதுன்னு ஒருத்தனும் துன்ன மாட்டன்றான். ஒங்க பன்னே குடுங்க. ஆனா நீ வராதடா. என் மச்சான் விடியறதுக்குள்ள வந்து வாங்கிக்கினு போயி, நீ ஏறுன ஸ்டாப்புலயே பஸ் ஏறிக்குவான்."

சொல்லிவிட்டு, முன்பணத்தை அக்கா நீட்டிய கையில் போடாமல் தரையில் வைத்தான். அவள் குனிந்து எடுத்தாள்.

"எடுக்காதக்கா. இந்த நாத்தம் பிடிச்ச பொழப்பு நமக்கு வேணாம்" என்றேன்.

"ஒனுக்கு வேணாம்னா பஸ்சு ஏறிப் போயிடுவ. நான் எங்கடா போறது? களத்துக்கா?" கடைக்காரன் போனதும் காசை முந்தானையில் முடிந்துகொண்டாள். "நீ எங்கியும் வாயத் தொறக்காத. அது போதும்."

நான் ஊரை விட்டுக் கிளம்பிய காலை, கூட்டு ரோட்டில் பஸ்ஸுக்கு நின்றேன். கடைக்காரன் டீயை வெளிக் கிளாசில் கொடுத்தான். என் டப்பா கடைக்குள் பெஞ்சின்மேல் இருந்தது. கண்ணாடிக்குள் அக்காவின் பன், இறகு தடவிய கோடுகூடத் தெரிந்தது. மேஸ்திரி அதில் ஒன்றை முக்கி உறிஞ்சிவிட்டு, என் காதில் விழும்படி, "பஸ்ஸுல வர்ற பன்னு ருசியே தனிப்பா" என்றான். கடைக்காரன் என்னைப் பார்க்காமல் டீ ஆற்றிக்கொண்டிருந்தான்.

அது எவ கை என்று சொல்ல வாயெடுத்தேன். பஸ் வந்து நின்றது. கிளாசைக் கழுவிக் கம்பத்தில் மாட்டிவிட்டு ஏறிக்கொண்டேன்.