ஐந்து சொல் இங்கிலீசு

எனக்குத் தெரிந்த இங்கிலீசு கொஞ்சம்தான். கேன், மஸ்ட், ஷுட், மே, வில் என்று ஐந்து சொல். அவற்றுக்குப் பின்னால் வைக்க, போ, வா, சாப்பிடு, நட, இரு என்று வீட்டில் அன்றாடம் புழங்கும் சொற்களின் இங்கிலீசு. ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவளுக்கு அது போதும். அல்ஹம்துலில்லாஹ், போதும் என்று நான் சும்மா சொல்லவில்லை.

கல்முனையில் எங்கள் தெரு மத்ரசா மண்டபத்தில், அசர் தொழுகைக்குப் பிறகு தாய்மாருக்கு இங்கிலீசு வகுப்பு வைத்தார்கள். எனக்குப் போகும் எண்ணமே இல்லை. என் கணவரின் தங்கை, என் மச்சி, தனியாகப் போக வெட்கப்பட்டு என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். படிப்பித்த பிள்ளை எங்கள் ஊர்ப் பெண்தான். கேன் என்றால் ஏலும், மஸ்ட் என்றால் கட்டாயம் செய்ய வேணும், ஷுட் என்றால் செய்தால் நல்லது, மே என்றால் நடந்தாலும் நடக்கலாம், வில் என்றால் நடக்கும் என்று பலகையில் எழுதினாள். இந்தச் சொற்கள் முன்னால் நின்றால், பின்னால் வருகிற சொல் வாலை நீட்டாமல் அப்படியே இருக்கும் என்றாள்.

மச்சி என் காதுக்குள் சொன்னாள்: "மாமியார் வீட்டுக்கு வந்த புது மாப்பிள்ள மாதிரி. வாலாட்ட ஏலாது."

அவளுடைய இரகசியம் ஊருக்கே கேட்கும். மண்டபமே சிரித்தது. எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதானே பெண் வீட்டுக்கு வருகிறார்.

வில்லில்தான் எனக்குச் சிக்கல் வந்தது. நாளைக்குச் சோறு காய்ச்சுவேன் என்று சொல்லச் சொன்னாள். சொல்லி முடித்து, இன்ஷா அல்லாஹ் என்றும் சேர்த்தேன்.

"அது வசனத்துக்குள்ள இல்லயே உம்மா."

"வசனத்துக்குள்ள இல்லாட்டிப் போகட்டும் மகள். நாளைக்குச் செய்வன் எண்டு அது இல்லாமச் சொல்ல எனக்கு வாய் வராது."

அவள், "சரி, சேத்தே சொல்லுங்க" என்றாள். அதன் பிறகு வகுப்பில் எல்லாரும் சேர்த்தே சொன்னோம்.

வீட்டில் பழகுவதற்கு எனக்கு ஆள் இல்லை. மகள் தையல் மெசினில் இருப்பாள். பக்கத்து வீட்டு ஆடு வேலியால் தலையை நீட்டி என் முருங்கைக் கன்றைத் தின்ன வரும். அதற்குத்தான் பாடம் நடத்தினேன். "யு மஸ்ட் நொட் கம்! யு மஸ்ட் கோ!" ஆடு கேட்கவில்லை. என் வாய்க்குச் சொல் பழகியது.

என் கணவர் கத்தாரில் லொறி ஓட்டிக்கொண்டிருந்தார். மகளுக்குக் கலியாணப் பேச்சு முடிந்திருந்தது. வீடு கட்டிக் கொடுத்துத்தான் எங்களில் பெண்ணைக் கலியாணம் முடித்துக் கொடுப்பது. எங்கள் வளவிலேயே தொடங்கிய அந்த வீட்டில் சுவர் எழும்பி ஜன்னல் நிலைகளும் வைத்தாயிற்று, கூரை இல்லை. அந்தக் கூரைக்காகத்தான் அவர் அந்த முறை ஊருக்கு வராமல் நின்றார்.

ஒருநாள் குரல் பதிவு ஒன்று அனுப்பினார். லொறியால் இறங்கும்போது சறுக்கிவிட்டதாம், கால் சுளுக்காம், ஹொஸ்பிட்டலில் இரண்டொரு நாள் வைத்திருக்கிறார்களாம். வீடியோவில் அழைத்தேன். முகத்தை மட்டும் காட்டினார். அடுத்த நாளும் முகம். அதற்கடுத்த நாளும் முகம். பின்னால் அதே பச்சைத் திரை.

"கால ஒருக்காக் காட்டுங்களன்."

"கால்ல என்ன பாக்கிற? வெள்ளிக்கிழம லொறி எடுக்கப் போறன்."

எனக்கு ஏதோ சரியாகப் படவில்லை. அவர் என்னிடம் பொய் சொல்லக் கூடியவர், என் நிம்மதிக்காக. ஆனால் ஒரு விசயத்தில் பொய் சொல்ல மாட்டார். அதை அறிந்தே கேட்டேன்.

"லுஹர் தொழுதீங்களா?"

"ஓம், தொழுத."

"நிண்டா, இருந்தா?"

சுளுக்கு என்றால் கதிரையில் உட்கார்ந்து தொழுதேன் என்று உடனே சொல்லியிருக்கலாம். "போன்ல சார்ஜ் இல்ல புள்ள" என்று வெட்டிவிட்டார். இருக்கவும் ஏலாதவர்தான் படுத்துக்கொண்டு தொழுவார். அடுப்பை அணைத்தேன்.

கொஞ்சம் பொறுத்து அழைத்தேன். எடுக்கவில்லை. விடாமல் அழைத்தேன். கடைசியில் வெள்ளைச் சட்டை போட்ட ஒரு பெண்ணின் முகம் வந்தது. பிலிப்பைன்ஸ் நாட்டுத் தாதி. அவரை எக்ஸ்ரே படம் எடுக்கக் கொண்டுபோயிருக்கிறார்கள், போன் கட்டிலில் கிடந்து அடிக்கிறது என்று சைகையும் சொல்லுமாக விளங்கப்படுத்தினாள். "யு வைஃப்?" என்றாள்.

"யெஸ் சிஸ்டர்" என்றேன். பிஸ்மில்லாஹ் சொல்லிக்கொண்டு ஆட்டுக்குப் படிப்பித்த இங்கிலீசை எடுத்தேன்.

"கேன் ஹி வோக்?"

"நோ, மேடம்."

"கேன் ஹி சிட்?"

"நோ. நொட் நவ்."

"கேன் ஹி ஈட்?"

அவள் சிரித்தாள். "யெஸ், யெஸ். ஹி கேன் ஈட். வெரி குட்."

அந்தச் சிரிப்பில்தான் எனக்கு மூச்சு வந்தது. பிறகு அவள் தன் இடுப்பெலும்பில் கையை வைத்துக் காட்டி, இரண்டு கையாலும் குச்சியை முறிப்பது போலச் செய்தாள். மற்றதையும் அப்படியே சைகையில் விளங்கப்படுத்தினாள்: சத்திரசிகிச்சை செய்து இரும்பு வைத்தாயிற்று. மாதக் கணக்கில் ஓய்வு வேண்டும். அவரோ விட்டுவிடுங்கள், லொறி எடுக்க வேண்டும் என்று தினமும் நச்சரிக்கிறாராம். எடுத்தால் எலும்பு பிசகி, பிறகு நேராக நடப்பது கடினம்.

கடைசிக் கேள்வியைக் கேட்கப் பயமாக இருந்தது. ஆனாலும் கேட்டேன்.

"வில் ஹி வோக்?"

"இஃப் ஹி ரெஸ்ட், ஹி வில் வோக், மேடம்."

"இன்ஷா அல்லாஹ்" என்றேன். அவளும் தன் உச்சரிப்பில் இழுத்து அதையே சொன்னாள்.

அதற்குள் கட்டிலைத் தள்ளிக்கொண்டு அவரைக் கொண்டுவந்துவிட்டார்கள். அவள் போனை அவர் பக்கம் திருப்பினாள். மனிசன் விறைத்துப்போய்ப் பார்த்தார்.

"ஆரு இங்கிலீசு கதைச்ச?"

"நான்தான்."

"அல்லாவே! நீயா? ஆரோ டொக்டர் பொம்பிள எண்டெல்லா நினைச்சன்."

"சுளுக்கு எண்டீங்க. எந்த ஊர்ச் சுளுக்குக்கு இரும்பு வைக்கிற?"

முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு மெல்லச் சொன்னார்: "கூர இல்லாம மகள எப்பிடிக் கலியாணம் முடிச்சுக் குடுக்கிற? நான் வந்து கட்டில்ல கிடந்தா ஆரு கட்டுற?"

"கூரைய நாளைக்கும் போடலாம். உங்கட எலும்ப ஆரு போடுற?"

"ஏலாது புள்ள."

"ஏலும். வாங்க."

அவர் வாயைத் திறப்பதற்குள் தாதியைக் கூப்பிட்டேன். "சிஸ்டர், ஹி மஸ்ட் நொட் ட்ரைவ். ஹி மஸ்ட் கம் ஹோம்." அவள் பெருவிரலை உயர்த்தி, டொக்டரிடம் சொல்கிறேன் என்றாள். கணவர் இரண்டு பெண்களையும் மாறி மாறிப் பார்த்தார். "இப்ப ரெண்டு பேரு வெருட்டுறீங்க" என்றார். அத்தோடு லொறிக் கதை முடிந்தது.

அந்தப் பின்னேரமே மச்சியைக் கூட்டிக்கொண்டு மாப்பிள்ளை வீட்டுக்குப் போனேன். உள்ளதை உள்ளபடி சொன்னேன். கூரை பிந்தும், மகளின் வாப்பா நடந்த பிறகுதான் கலியாணம் என்றேன். மாப்பிள்ளையின் உம்மா தேத்தண்ணியை நீட்டிக்கொண்டு சொன்னார்: "வாப்பா நடந்து வந்து நிக்காஹ்வுக்கு இருக்கட்டும் தங்கச்சி. வானம் கூர போட்டுத்தான் இருக்கு." மச்சி வாசலைத் தாண்டியதும் அழுதாள். நான் அழவில்லை.

அவர் சக்கர நாற்காலியில் வந்து இறங்கினார். பிறகு கைத்தாங்கல், பிறகு ஊன்றுகோல். கட்டிலில் தொழுதார், கதிரையில் தொழுதார். ஆடு வந்தால் ஜன்னலால் அவர்தான் "யு மஸ்ட் கோ" என்று கத்துவார். அவர் சொல்லையும் அது கேட்கவில்லை.

சென்ற வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் போய்விட்டு முற்றத்தால் வந்தார். ஊன்றுகோலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டிருந்தார். நான் குசினியில் நின்றபடியே கேட்டேன்.

"நிண்டா, இருந்தா?"

"நிண்டுதான்" என்றார்.