எல்லாம் பொருந்தியது, படம் வரவில்லை

ஒரு நல்ல மனிதரை எங்கள் அபார்ட்மென்ட் வாட்ஸ்ஆப் குரூப்பில் அவமானப்படுத்தினேன். பெயர் போடாமல். பெயர் போடாததை நாகரிகம் என்று வேறு நினைத்துக்கொண்டேன்.

நடந்தது இதுதான். கண்புரை ஆபரேஷனுக்குப் பிறகும் லேப்டாப் எழுத்துகள் எனக்கு எறும்பு ஊர்வதுபோலத்தான் தெரிந்தன. பத்திரிகைக்கு இந்தப் பத்தியை எழுதுவதே பெரும்பாடாக இருந்தது. அதைக் கேள்விப்பட்ட மூன்றாவது மாடி ஜெபராஜ், தன் மகன் கல்லூரி நாளில் பயன்படுத்திய பெரிய மானிட்டரைக் கொண்டுவந்தார். பெட்ஷீட்டில் சுற்றி, கைக்குழந்தையை ஏந்துவதுபோல் லிஃப்டில் எடுத்து வந்தார். பாதிக் கட்டடம் பார்த்தது.

"வெச்சுக்குங்க வாத்யாரே. சும்மாதான் கெடக்குது. படம் கண்ணாடி மாதிரி இருக்கும்."

ஜெபராஜ் ஓய்வு பெற்ற பி.டி. மாஸ்டர். நான் கல்லூரியில் இயற்பியல் நடத்தியவன். இரும்புலியூருக்குக் குடிவந்த நாளிலிருந்து காலை நடைக்கு அவர்தான் துணை. "கையை வீசி நடங்க வாத்யாரே! கல்யாண ஊர்வலமா போறீங்க?" என்பார். தெருவே திரும்பிப் பார்க்கும்.

மானிட்டரின் பின்னால் பழைய வி.ஜி.ஏ. போர்ட் — நீல நிறம், மூன்று வரிசைக் குட்டித் துளைகள். என் லேப்டாப்பில் இருப்பதோ சப்பையான எச்.டி.எம்.ஐ. இரண்டையும் சேர்க்க ஒரு கன்வெர்ட்டர் வேண்டும். தாம்பரம் மார்க்கெட்டுக்குப் போனேன்.

"வி.ஜி.ஏ. டு எச்.டி.எம்.ஐ.யா சார்?" என்றார் கடைக்காரர்.

"ஆமாம், ஆமாம்." தலையாட்டினேனே தவிர, யோசிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து மாட்டினேன். ஒரு முனை மானிட்டரில் கச்சிதமாக உட்கார்ந்தது. மறுமுனையில் லேப்டாப் கேபிள் டக்கென்று இறங்கியது. ஸ்விட்சைப் போட்டேன். 'நோ சிக்னல்' என்று ஒரு சின்னப் பெட்டி திரையில் அங்குமிங்கும் மிதந்தது. பிறகு அதுவும் போய், இருட்டு.

கழற்றினேன். மாட்டினேன். ஊதினேன். முதுகில் இரண்டு தட்டு தட்டினேன்… ஊஹூம்.

எல்லாம் பொருந்துகிறது, படம் வரவில்லை என்றால் என்ன அர்த்தம்? மானிட்டர் செத்துவிட்டது என்று அர்த்தம். ஓர் இயற்பியல் பேராசிரியரின் ஆராய்ச்சி முடிவு!

படி ஏறிப்போய் ஜெபராஜை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கோபம் ஆறுவதற்குள் குரூப்பில் எழுதினேன்: "அனைவரின் கனிவான கவனத்துக்கு. பழுதான சாமான்களை நட்பின் பெயரால் அடுத்தவர் தலையில் கட்டும் பழக்கத்தை நம் குடியிருப்பில் தவிர்க்கலாமே."

குரூப் களைகட்டியது. "கரெக்ட் சார்!" என்று ஒருவர். "பெட்ஷீட்டையாவது திருப்பிக் கொடுத்தாச்சா சார்?" என்று இன்னொருவர். அதற்கு வரிசையாகச் சிரிப்பு முகங்கள். கொஞ்ச நேரத்தில் சாம்பல் எழுத்தில் ஒரே வரி — ஜெபராஜ் வெளியேறினார்.

மறுநாள் காலை கேட் அருகே அவர் இல்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. லிஃப்டில் எதிர்ப்பட்டபோது, "குட் மார்னிங் சார்" என்றார்.

சார்! இத்தனை வருடங்களில் அவர் என்னை அப்படிக் கூப்பிட்டதே இல்லை.

தினமும் மோட்டார் போட்டுவிட்டு, "தண்ணி ஏறுது, பக்கெட்டை ரெடி பண்ணுங்க" என்று குரூப்பில் சொல்பவரும் அவர்தான். இப்போதும் மோட்டாரைப் போடத்தான் செய்தார். சொல்வதில்லை.

சில வாரங்கள் கழித்து, மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்த என் மனைவி கமலா அந்தக் கன்வெர்ட்டரைக் கையில் எடுத்தாள். செல்போன் கேமராவில் பெரிதாக்கிப் பார்த்தாள்.

"என்னங்க, வி.ஜி.ஏ. பக்கம் 'இன்'னு போட்டிருக்கு. இந்தப் பக்கம் 'அவுட்'. படம் எங்கேருந்து எங்கே போகணும்?"

"லேப்டாப்லேருந்து மானிட்டருக்கு."

"அப்போ தலைகீழா இல்ல வாங்கியிருக்கீங்க?"

விளங்கிவிட்டது. அது பழைய கம்ப்யூட்டரைப் புது டி.வி.யோடு சேர்ப்பதற்கான சாமான். எனக்கு வேண்டியது நேர் எதிர். இரண்டு பக்கமும் பொருந்தினாலும், படம் ஒரு திசையில்தான் போகும்.

"கண்ணு சரியா தெரியலன்னுதானே அவர் கொடுத்தார்? அந்தக் கண்ணை வெச்சுக்கிட்டே அவர் மேல குத்தம் கண்டுபிடிச்சிருக்கீங்க!" என்றாள்.

மறுபடி தாம்பரம். சரியான கன்வெர்ட்டரை வாங்கி வந்து மாட்டினேன். திரை பளிச்சென்று விழித்தது. கண்ணாடி மாதிரிதான். அதில் முதலில் தெரிந்தது என்ன தெரியுமா? என் வாட்ஸ்ஆப் பதிவு. அழித்துவிடலாமா என்று லேப்டாப்பில் திறந்து வைத்திருந்தேன். 'நட்பின் பெயரால்' என்ற எழுத்துகள் கட்டைவிரல் பருமனில் நின்றன. மூக்குக்கண்ணாடி இல்லாமலே படிக்க முடிந்தது.

அழிக்கவில்லை. அதற்குக் கீழேயே எழுதினேன். பழுது மானிட்டரில் இல்லை, என்னிடம்தான். விசாரிக்காமல் பழி போட்டேன். ஜெபராஜ் மன்னிக்க வேண்டும்.

ஒரு கட்டைவிரல் வந்தது. ஒரு கும்பிடு வந்தது. "சார், அந்தக் கன்வெர்ட்டர் எந்தக் கடையில?" என்று ஒரு கேள்வி வந்தது. அவ்வளவுதான்! பழி போட்டால் கூடுகிற கூட்டம் மன்னிப்புக் கேட்டால் கூடுவதில்லை — கவனித்திருக்கிறீர்களா?

கமலா எட்டிப் பார்த்தாள். "அவர்தான் குரூப்லயே இல்லையே… யார்கிட்ட மன்னிப்புக் கேக்கறீங்க?"

படி ஏறினேன்.

"சொல்லுங்க சார்" என்றார் ஜெபராஜ், கதவைப் பாதி திறந்து.

"மானிட்டர் நல்லா ஓடுது மாஸ்டர். நான்தான் கன்வெர்ட்டரைத் தலைகீழா வாங்கிட்டேன்."

"அது கெடக்கட்டும். என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டிருக்கணும்."

"வாண்டுங்கல்லாம் 'பெட்ஷீட் அங்கிள்'னு கூப்பிடுது சார். காலம் பூரா பசங்களை லைன்ல நிக்க வெச்சவன் நான்."

"மன்னிச்சிடுங்க" என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"எங்க ஸ்கூல்ல மன்னிப்பெல்லாம் கெடையாது. கிரவுண்டைச் சுத்தி ரவுண்டுதான். காலையில கேட்டுக்கு வந்துடுங்க."

போனேன். தெருவுக்குப் போகவில்லை, கட்டடத்தையே சுற்றிச்சுற்றி நடக்கவைத்தார். முட்டி கெஞ்சியது. பால்கனிகளில் டம்ளரும் கையுமாகப் பாதிக் கட்டடம் பார்த்தது.

"பாக்கட்டும். கையை வீசி நடங்க சார்!"

இன்னொரு சுற்று. பிறகு இன்னொன்று. நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"என்ன, அதுக்குள்ளயா? இன்னும் ஒண்ணு இருக்குது வாத்யாரே!"

அந்த ஒன்றை எப்படி நடந்தேன் என்றே தெரியவில்லை. கையை வீசித்தான் நடந்திருப்பேன்.

குரூப்புக்கு மட்டும் அவர் திரும்பவில்லை. "அந்தச் சந்தைக்கு நான் வரல" என்கிறார். மோட்டார் போட்டதும் எனக்கு போன் செய்கிறார். நான் குரூப்பில் போடுகிறேன். குரூப்பில் பேசுவது எதையும் அவரிடம் கொண்டுபோவதில்லை.

இப்போது கன்வெர்ட்டர் நான்தான் — இந்த முறை திசை சரியாக இருக்கிறது.