மூஸ் தாய்க்கு வைத்த கொம்பு

எங்கள் ஃபோர்மேனை நான் பழிவாங்கியது ஒரு மூஸ் மானை வைத்துத்தான். சார்ஜாவில், ஃபைபரில் மிருக உருவங்கள் செய்யும் பட்டறையில் எனக்கு வேலை. மால்களுக்கும் பூங்காக்களுக்கும் யானை, சிங்கம் என்று ரெசின் பசை பூசி இறுக்கிச் செய்து அனுப்புவோம். ஃபோர்மேன் எங்கள் மாவட்டத்துக்காரர். வாய் நிறைய அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். உள்ளுக்குள் கருவிக்கொண்டே இருப்பேன்.

காரணம் உண்டு. மூன்று வருடம் முன்பு ஊரில் அப்பா இறந்துபோனார். நான் மூத்தவன், கொள்ளி வைக்க வேண்டியவன். லீவு பேப்பரில் கையெழுத்துக் கேட்டு அவர் முன்னால் நின்றேன்.

"நாளைக்கு யானை டெலிவரி இருக்குடா. ரெசின் காயட்டும், அப்புறம் போ" என்றார்.

ரெசின் காய்வதற்குள் தம்பி கொள்ளி வைத்துவிட்டான். நான் அதை போனில் பார்த்தேன். அன்றைக்கு விழுந்த வஞ்சம் இது.

இந்தக் குளிர்காலத்துக்கு ஒரு மால் மூஸ் குடும்பம் கேட்டது. ஆண், பெண், குட்டி. எந்த மிருகம் வந்தாலும் அதைப் பற்றி போனில் தேடிப் படித்துவிடுவது என் வழக்கம். மூஸ் ஒரு தினுசான பிராணி. தோளே நம் தலையைத் தாண்டும். கால் அத்தனை நீளம், கழுத்து குட்டை. அதனால் தரைப்புல்லை மண்டியிட்டுத்தான் மேயும். மேலுதடு தொங்கும், தொண்டையில் தாடிபோல் ஒரு தோல் ஆடும். கண் மந்தம், மூக்கும் காதும் படு கூர்மை. தண்ணீருக்குள் தலையை முக்கி அடியில் இருக்கும் செடியைப் பிடுங்கித் தின்னும். விரித்த கைபோல அகலமான கொம்பு ஆணுக்கு மட்டும்தான். அதையும் வருடா வருடம் உதிர்த்துவிட்டுப் புதிதாக வளர்க்கும். ஆண் குட்டியைத் திரும்பிக்கூடப் பார்க்காது. தாய்தான் வருடம் முழுக்கக் கூடவே வைத்துக் காக்கும், ஓநாய் வந்தால் மிதித்தே விரட்டும்.

பெண் மூஸ் தயாரானதும் ஃபோர்மேன் சுற்றிச் சுற்றி வந்தார். "என்னடா மொட்டையா நிக்குது? கழுதைன்னுல்ல நினைப்பானுங்க. சின்னதா ரெண்டு கொம்பு வை."

"பொட்டைக்குக் கொம்பு இருக்குமாண்ணே?"

"ஏன், நம்மூர் பசுவுக்கு இல்லையா?"

"அதானே" என்றேன். அதற்கு மேல் வாயைத் திறக்கவில்லை. அந்தக் கொம்புகளை இழைத்து இழைத்துச் செய்தேன். என் வேலையிலேயே அழகானவை அவைதான்.

புதன்கிழமை முதலாளியோடு மாலின் ஆள் பார்க்க வந்தாள், கனடாக்காரி. பெண் மூஸைப் பார்த்ததும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஃபோர்மேன் முகம் செத்துவிட்டது. என் வயிறு குளிர்ந்தது, பொய் சொல்வானேன்.

கொம்பை எடுத்துச் சரிசெய்யும்வரை ஃபோர்மேன் எங்கேயும் நகரக் கூடாது என்றார் முதலாளி. ஃபோர்மேனுக்கு மறுநாள் டிக்கெட். ஞாயிற்றுக்கிழமை மகளுக்குக் கல்யாணம். இதெல்லாம் எனக்கு முன்பே தெரியும்.

"தம்பி, ஒரே நாள்ல முடிச்சுடுவேல்ல?" என்று என் கையைப் பிடித்தார். முடித்திருக்கலாம்.

"ரெசின் காயணுமேண்ணே" என்றேன்.

என்னை நிமிர்ந்து பார்த்தார். அவருக்கும் ஞாபகம் வந்துவிட்டது. கையை விட்டுவிட்டார், அதன்பிறகு அவசரப்படுத்தவே இல்லை. நான் தேய்த்துத் தேய்த்து ஞாயிறுவரை இழுத்தேன்.

தாலி கட்டும் நேரத்தில் அவரும் என்னோடு மூஸின் மண்டையை ஒட்டிக்கொண்டிருந்தார். கை முழுக்க ரெசின். போனை நான்தான் அவர் முகத்துக்கு நேரே பிடித்தேன். மாலையும் கழுத்துமாக அந்தப் பெண் திரைக்குள் எட்டிப் பார்த்தாள்.

"ஏம்ப்பா வரல?"

என்னைக் காட்டிக்கொடுப்பார் என்று காத்திருந்தேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை.

"வேலைம்மா" என்றார்.

அப்பாவுக்குக் கொள்ளி வைத்த அன்றைக்குத் தம்பி கேட்டபோது நானும் அதைத்தான் சொன்னேன்.