சஃபாரிக்கு முன்னால் பழனி

போன மாதம் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கடை கடையாக ஏறி இறங்கினேன். மளிகை வாங்க அல்ல... தொப்பி வாங்க!

நைரோபியில் இருக்கும் மகளுக்குக் குழந்தை பிறந்திருக்கிறது. பேத்தியைப் பார்க்க வருகிறோம் என்றதும், மாப்பிள்ளை ஒரு நாள் சஃபாரிக்கும் ஏற்பாடு செய்துவிட்டார். மகள் என்னை நேரில் பார்த்து வருடக்கணக்காகிறது. 'அப்பாவுக்கு வயசாயிருச்சே' என்று அவள் முகம் வாடிவிடக் கூடாது. அதுதான் என் ஒரே கவலை. ஆகவே, ஜம்மென்று ஒரு தொப்பி வேண்டும்.

சரி, காட்டுக்கு எந்தத் தொப்பி? இன்டர்நெட்டில் தோண்டித் துருவினேன். வெள்ளை கூடாது — புழுதி. கறுப்பும் கருநீலமும் கூடாது — சில காடுகளில் கடிக்கிற ஈ ஒன்று அந்த நிறங்களைத் தேடி வருமாம். ஈக்குக்கூடவா கலர் டேஸ்ட்? விளிம்பு பிடரி வரை நிழல் தர வேண்டும். ஜீப் காற்றில் பறக்காமல் தலையைக் கவ்வ வேண்டும்.

கடைசியில் மண் கலரில் ஒன்று கிடைத்தது. அறுபதிலும் அடர்த்தியாக இருக்கிற என் முடிமேல் அளவெடுத்துத் தைத்த மாதிரி உட்கார்ந்தது. கண்ணாடி முன்னால் கொஞ்சம் அதிக நேரமே நின்றேன்.

ராசிபுரம் வீட்டுக்கு வந்து மனைவியிடம் போட்டுக் காட்டினேன். ஏற இறங்கப் பார்த்தாள்.

"நல்லாத்தானுங்க இருக்குது. ஆனா பொறப்படறதுக்கு முந்தி பழனிக்குப் போயி முடி குடுத்துரோணும்."

யார் முடி? என் முடி! பிரசவம் நல்லபடியாக முடிந்தால் எனக்கு மொட்டை என்று அவள் வேண்டிக்கொண்டிருக்கிறாள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவளிடம் கத்தலாம்... முருகனிடம் கத்த முடியுமா?

மொட்டை போட்டு, சந்தனம் காய்ந்ததும் தொப்பியை எடுத்து வைத்தேன். சர்ரென்று இறங்கி மூக்குக்கண்ணாடிமேல் நின்றது.

நைரோபி ஏர்போர்ட்டில் அந்தக் கோலத்தில்தான் போய் இறங்கினேன். மகள் ஓடி வந்து தொப்பியைத் தூக்கினாள். சிரித்தாள். பிறகு அவள் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். புரிந்துவிட்டது.

"எனக்காகவாங்கப்பா?" குரல் உடைந்தது.

"வேண்டுனது உங்கம்மா, சாமி. தலை மட்டுந்தான் என்னுது" என்றேன்.

சஃபாரி அன்று காலை, பேத்தியின் துணி ஒன்றை மடித்துத் தொப்பிக்குள் வைத்து, மகளே என் தலையில் மாட்டிவிட்டாள். கச்சிதம்!

தொப்பி வாங்கப் போகிறீர்களா? தலையை அளந்தால் மட்டும் போதாது... வீட்டம்மா என்ன வேண்டியிருக்கிறார் என்றும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.