குட்டைக் கால் மோட்டார்

ஜப்பான்காரன் காலத்தில் நான் கிள்ளானில் தமிழ்ப்பள்ளி ஆசிரியன். பிள்ளைகளோடு சேர்ந்து நானும் ஜப்பானிய எழுத்துகளைக் கற்றுக்கொண்டிருந்தேன். அவர்கள் எப்போதும் என்னைவிட ஒரு பாடம் முன்னால் இருந்தார்கள். மோட்டாரைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அது சத்தம் போடும் என்பதுதான். அப்படிப்பட்டவன் தலையில் ஒரு படகுக்கு மோட்டார் தேர்ந்தெடுக்கும் வேலை வந்து விழுந்தது. காரணம், எனக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியும்.

படகு என் மனைவியின் அண்ணனுடையது. மச்சான் கேரித் தீவுத் தோட்டத்தில் தச்சு வேலை பார்த்தவர். துரைமார் ஓடிப்போன பிறகு, சின்னப் பாய்மரப் படகு ஒன்றில் மரவள்ளிக்கிழங்கும் தேங்காயும் ஏற்றிக் கிள்ளானுக்கு வந்து போய்க்கொண்டிருந்தார். காற்று இருந்தால் பாய், இல்லாவிட்டால் பின்பலகையில் மாட்டிய பழைய மோட்டார். பெட்ரோல் கிடைக்காத நாளில் ரப்பரைக் காய்ச்சி எடுத்த எண்ணெயைக் குடித்துக் குடித்து, அந்த மோட்டார் ஒருநாள் இறுகி நின்றுவிட்டது.

என் மனைவி தலைப்பிரசவத்துக்கு அதே தீவில் தாய்வீட்டில் இருந்தாள். ஏழாம் மாதம் அழைத்துப் போனார்கள். யுத்தம் நடந்தாலும் முறை முறைதானே. தோட்டத்து ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்க்கும் டிரஸ்ஸரும் இல்லை, மருந்தும் இல்லை. ஒன்பதாம் மாதத்தில் அவளுக்குக் கையும் முகமும் வீங்கிவிட்டன, கண் மங்கலாகத் தெரிகிறதாம் என்று மச்சான் வந்து சொன்னார். உடனே கிள்ளான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தாக வேண்டும். ஆனால் பாயை நம்பி அவளை ஏற்ற முடியாது. முந்தைய வாரம்தான் காற்று நின்றுபோய், ஒரு பகலும் ஓர் இரவும் அவர் நடுவழியில் கிடந்திருந்தார்.

பாசார் சந்தைக்குப் பின்னால் பழைய இரும்புக் கடை வைத்திருந்த நாகூர்க்காரர் ஒருவரிடம் இரண்டு மோட்டார்கள் இருந்தன. ஒன்று கறுத்துத் துருவேறிய கனத்த சாமான், நெட்டைக் கால். மற்றது பச்சை வர்ணம் பூசியது, ஒரு கையால் தூக்கலாம், குட்டைக் கால். கால் என்றால், தண்ணீருக்குள் இறங்கும் தண்டு. அதன் நுனியில்தான் விசிறி சுற்றும். இரண்டின் தகட்டிலும் இருந்த இங்கிலீஷை நான் சத்தமாக வாசித்தேன். எண்களும் எழுத்துகளுமாக இருந்தன. எது என் மனைவியைக் கொண்டுவந்து சேர்க்கும் என்று இரண்டுமே சொல்லவில்லை.

கடைக்காரர் பச்சைக்குச் சத்தியம் செய்தார். கறுப்பு பின்பக்கம் பாரம், படகு குந்திவிடும் என்றார் மச்சான். போதாக்குறைக்கு நான் ரயிலேறி பிரிக்பீல்ட்ஸ் போய், ரயில்வேயில் ஃபிட்டராக இருந்த யாழ்ப்பாணத்து நண்பரிடமும் கேட்டேன். அவர் நான் சொன்னது முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, ஒன்றே ஒன்றுதான் சொன்னார்.

"முதல்ல அதின்ரை கால் தண்ணிக்கை இறங்குதோ எண்டு அளந்து பாருங்கோ மாஸ்டர். மற்றதெல்லாம் பிறகு."

அளந்தேன். ஒழுங்காகத்தான் அளந்தேன். மச்சான் அடுத்த நடை கிழங்கு மூட்டைகளோடு வந்து படகைக் கட்டிய கையோடு, பின்பலகையின் விளிம்பிலிருந்து தண்ணீர்வரை ஒரு சணல் கயிற்றைத் தொங்கவிட்டு முடிச்சுப் போட்டேன். கடையில் வைத்துப் பார்த்தால், பச்சையின் குட்டைக் கால்கூட முடிச்சைத் தாண்டி ஒரு சாண் இறங்கியது. தண்ணீர் நிரப்பிய பீப்பாயில் ஓட்டிக் காட்டினார்கள். பச்சை முதல் இழுப்பிலேயே பிடித்துக்கொண்டது. கறுப்பு இழுத்தவரின் தோளைத்தான் கழற்றியது. என் சைக்கிளைக் கொடுத்துவிட்டுப் பச்சையை எடுத்துக்கொண்டேன்.

புது வண்டி என்றால் சக்கரத்தில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குவோம். சக்கரமே இல்லாத சாமானுக்கு எங்கே வைப்பது என்று படகுத்துறையில் பெரிய விவாதம். கடைசியில் பழத்தைக் கைப்பிடியில் கட்டி, சூடம் காட்டினோம். சூடம் காட்டியவர்கள், பார்க்க வந்தவர்கள், கடைக்காரர் எல்லாருமாக ஏழு பேர் படகில் ஏறிக்கொண்டார்கள். பாலம்வரை போய்த் திரும்பினோம். படகு பறந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு காரியத்தைச் சரியாகச் செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டு தூங்கினேன்.

மறுநாள் காலை மச்சானும் நானும் மட்டும் கிளம்பினோம். மோட்டார் அலறியது. படகு நகரவில்லை. எண்ணெய் சரியில்லை என்றேன். பிளக்கைக் கழற்றித் துடைத்தார். மறுபடி அலறல்; இருந்த இடத்திலேயே நீரைப் பீய்ச்சி எங்கள் முதுகில் அடித்தது. எனக்குக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போல இருந்தது. நேற்று ஓடியது இன்று ஏன் ஓடவில்லை? ஒருவேளை பழத்தைச் சக்கரத்தில்தான் வைக்க வேண்டுமோ என்றுகூட, படித்த நான், யோசித்தேன். மச்சான்தான் குனிந்து பின்னால் எட்டிப் பார்த்தார்.

"மாப்ளே, விசிறி தண்ணியிலயே இல்ல."

அப்போதுதான் உறைத்தது. நான் அளந்தது மூட்டைகளால் அமுங்கிய படகை. ஓட்டிப் பார்த்தது ஏழு பேரால் அமுங்கிய படகை. காலிப் படகின் பின்பலகை உயர்ந்து நின்றது. விசிறியில் பாதி ஆகாயத்தில் சுற்றிக்கொண்டிருந்தது.

கடைக்கு ஓடினேன். கறுப்பு மோட்டாரை முந்தைய மாலையே ஒரு மீனவர் கொண்டுபோயிருந்தார். பின்பலகையை அறுத்துத் தாழ்த்துங்கள் என்று மச்சானிடம் கத்தினேன். அலை உள்ளே வந்துவிடும், மாட்டேன் என்றார். தங்கச்சி செத்தாலும் பரவாயில்லையா என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது. அவர் காலி கிழங்குச் சாக்குகளை எடுத்துக்கொண்டு கரையில் இறங்கி, முழங்கால் சேற்றில் நின்று சாக்கில் சேறு அள்ள ஆரம்பித்தார். நானும் வெள்ளைக் கால்சட்டையோடு இறங்கினேன். என் கடிகாரம் ஜப்பான்காரன் உத்தரவுப்படி டோக்கியோ நேரம் காட்டியது; ஆறு கடலின் நேரத்துக்கு வற்றிக்கொண்டிருந்தது.

ஆறு மூட்டைச் சேறு, அவற்றின் மேல் நான். விசிறி முழுக அது போதுமாக இருந்தது. அப்படியே தீவுவரை போனோம்.

அவளை நாற்காலியில் வைத்துத் தூக்கிவந்தார்கள். கண் இரண்டும் வீங்கிக் கீற்றாக இருந்தன.

"இந்தச் சேறெல்லாம் எதுக்குங்க?" என்றாள்.

என் முட்டாள்தனத்தைச் சொன்னேன். மச்சான் அவளைப் படுக்கவைத்துவிட்டு, பின்பலகையை ஒரு பார்வை பார்த்து, அவள் பாரத்துக்கு ஈடாக ஒரு மூட்டையைத் தண்ணீரில் தள்ளினார். மாமியார் ஏறியதும் இன்னொன்றைத் தள்ளினார். படகு நிற்காமல் கிள்ளான் வந்து சேர்ந்தது. மூன்றாம் நாள் பெண் குழந்தை பிறந்தது. தாய் பிழைப்பாளா என்று ஒரு வாரம் யாரும் சொல்லவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் மச்சானிடம் மன்னிப்புக் கேட்டேன். காது கேட்காதவர் போல ஆற்றுப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

மாதம் ஒன்று கழித்துத் தாயையும் பிள்ளையையும் தாய்வீட்டுக்குத் திருப்பி அழைத்துப் போனோம். வழக்கம்போல ஆறு மூட்டை சேறு. மனைவி ஏறினாள், ஒன்று போனது. மாமியார் ஏறினார், இன்னொன்று போனது. பிறகு நான் குழந்தையைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு ஏறினேன். மச்சான் என் கையில் இருந்த பொட்டலத்தைப் பார்த்தார், பின்பலகையைப் பார்த்தார். ஒரு மூட்டையின் வாயை அவிழ்த்து, ஒரே ஒரு பிடி சேறு அள்ளி ஆற்றில் போட்டார்.

"இப்பச் சரி," என்றார்.

நான் அழுதுவிட்டேன்.