ஏலியா சாரின் கத்தி

மண்சட்டி உடைகிற சத்தம் எனக்கு ஆகாது. கண்ணாடி உடைந்தால் ஊரைக் கூட்டும். மண்சட்டி 'பொத்'தென்று தனக்குள்ளேயே உடைந்துபோகும். என் ஒன்பதாம் வயதில், காரைக்குடியில், ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து வீட்டுக்குள் நுழைகிற நேரத்தில், பக்கத்துப் பகுதியில் அடுத்தடுத்து ஏழு சட்டிகள் உடைவதைக் கேட்டேன். அவை உடைந்திருக்கவே வேண்டியதில்லை என்பது அந்த ஊரிலேயே எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும்.

அறுபதுகளின் கடைசி அது. மதராசுக்குக் குடிபோய்விட்ட ஒரு செட்டியார் குடும்பம், தங்கள் வீட்டின் பின்கட்டை இரண்டாகத் தடுத்து வாடகைக்கு விட்டிருந்தது. ஒரு பாதியில், பள்ளிக்கூட வாத்தியாரான அப்பா, அம்மா, நான் என்று எங்கள் 'வேதக்கார'க் குடும்பம். மறுபாதியில் ஏலியா சாரும் அவர் மனைவி ரிபெக்கா அக்காவும். கொச்சியிலிருந்து வந்த யூதர்கள். ஊருக்கு வெளியே இருந்த ஆராய்ச்சிக் கூடத்தில் கண்ணாடிக் குழாய் ஊதுவது சாருக்கு வேலை. "பழைய ஏற்பாட்டுல வர்ற ஆளுக இவுக" என்று அப்பா சொல்லிவிட்டதால், தாடியும் கைத்தடியும் எப்போது வெளியே வரும் என்று நான் ஒரு மாதம் காத்திருந்தேன். அவரோ டெரிலின் சட்டை போட்டு, சைக்கிளில் டிபன் கேரியரை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்.

கடைக்கறி அவர்கள் வீட்டுக்குள் வராது. அவர்கள் வேதச் சட்டப்படி அறுக்கப் பழகி, கொச்சியில் பெரியவர்களிடம் அனுமதி வாங்கியவர் கைதான் அறுக்க வேண்டும். எங்கள் ஊரில் அப்படிப்பட்டவர் ஏலியா சார் ஒருவர்தான். கோழியைத் தொடும் முன், முனையில்லாத அந்த நீளக் கத்தியை எடுத்து, அதன் வாயின் மேல் விரல் நகத்தையும் சதையையும் மேலும் கீழுமாக, இந்தப் பக்கம் அந்தப் பக்கம் என்று பன்னிரண்டு தடவை நகர்த்துவார். மயிரளவு 'பிசிறு' நகத்தில் தட்டினாலும் அறுக்கக் கூடாது. பிசிறு கிழிக்கும், கிழித்தால் அது அறுத்ததாகாது. கத்தி நடுவில் நிற்கக் கூடாது, அழுத்தக் கூடாது, இறகுக்குள் மறையக் கூடாது. ஜெபம் சொல்லிவிட்டு நிறுத்தாமல் ஓர் இழுப்பு. இரத்தத்துக்குக் கீழேயும் சாம்பல், மேலேயும் சாம்பல். முடிந்ததும் மறுபடி நகத்தால் கத்தியைப் பார்ப்பார். அதற்கப்புறம் கறி தண்ணீரிலும் உப்பிலும் கிடந்து எழுந்திருக்க வேண்டும். "இம்புட்டுச் சட்டம் பாத்தா நாம என்னைக்குச் சாப்பிடுறது" என்று அம்மா சிரிப்பாள்.

அந்த வருடம் ரிபெக்கா அக்காவுக்குக் குழந்தை பிறந்தது. அதற்கு முன் இரண்டு தங்கவில்லை. உடம்பில் இரத்தமே இல்லை, கோழிச்சாறு கொடுங்கள் என்று டாக்டரம்மா சொல்ல, வெள்ளிக்கு வெள்ளி எங்கள் வீட்டிலிருந்து ஒரு கோழி போவதென்று ஆனது. முதல் வெள்ளி கறுப்புக் கோழி. அதை அறுத்த கையோடு, உள்ளே குழந்தைக்குப் புரையேறி அக்கா கத்த, சார் கத்தியைத் துடைத்துத் துணியில் சுருட்டி மாடத்தில் வைத்துவிட்டு ஓடினார். நகத்தால் பார்க்கவில்லை. அடுத்த வெள்ளிக்கு அம்மா கைகாட்டியது என் செவலையை.

செவலை என் மடியில் உட்கார்ந்து உள்ளங்கையில் கம்பு தின்னும். அழுது பார்த்தேன். "பிள்ளை பெத்தவளுக்கு இல்லாம உனக்கு என்னடி கோழியோட கொஞ்சல்" என்று அம்மா அதட்டினாள். வியாழக்கிழமை மத்தியானம், குழந்தையைப் பார்க்கிற சாக்கில் அங்கே போனேன். அக்கா அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். மாடத்திலிருந்து கத்தியை எடுத்து, ஆட்டுக்கல்லின் விளிம்பில் ஒரே ஒரு தட்டு. நகத்தை ஓட்டினேன், தட்டுப்பட்டது. கத்தி கெட்டால் செவலை பிழைக்கும். அதற்கு மேல் என் புத்திக்கு எட்டவில்லை.

மறுநாள் காலையில் கத்தியோடு எங்கள் வாசலில் வந்து நின்ற ஏலியா சாருக்கு முகமெல்லாம் வியர்த்திருந்தது.

"சேச்சி, இந்தக் கத்தியை ஆராவது எடுத்தோ? எங்கேயாவது தட்டியோ? தட்டியிருந்தா நல்லது. ஆமான்னு ஒரு வார்த்தை போதும்."

அறுத்த பிறகு எதிலாவது பட்டு விழுந்த பிசிறென்றால் தோஷமில்லை என்று அவர் அம்மாவுக்கு விளக்கி விளக்கிச் சொன்னார். அப்படி எதுவும் நடக்கவில்லையென்றால், போன வாரம் கழுத்து அறுபடும் முன், கோழியின் தோலில் பட்டபோதே விழுந்த பிசிறாகத்தான் சட்டப்படி அதைக் கொள்ள வேண்டும். தம் கையாலேயே பிள்ளை பெற்றவளுக்கு விலக்கப்பட்டதை ஊட்டியதாக ஆகிவிடும்.

"உங்க சாமானை நாங்க தொடுவமா சார்? நீங்களே எங்குட்டாச்சும் இடிச்சிருப்பீக" என்றாள் அம்மா.

தாம் எங்கும் இடிக்கவில்லையென்று சொன்ன சார் என் பக்கம் திரும்பினார். "மோளே?"

கூடைக்கடியில் செவலை கொக்கரித்துக்கொண்டிருந்தது. நான் இல்லையென்று தலையாட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை அவர் பித்தளைப் பாத்திரங்களைக் கொதிநீரில் போட்டு எடுத்தார். மண் குடித்ததை மண் விடாதாம், அதனால் சட்டிகளை உடைத்தார். சாணை பிடித்தால் கத்தி சரியாகியிருக்கும். அவரோ தம் கையை நம்பாதவராகிவிட்டார். அதன் பிறகு கத்தியைத் தொடவில்லை. அக்கா பருப்பும் முருங்கைக்கீரையுமாகச் சாப்பிட்டாள். பால் வற்றியது. சுவருக்கு அந்தப் பக்கம் குழந்தையின் அழுகை நாளுக்கு நாள் மெலிந்ததை நான் பாடம் படித்துக்கொண்டே கேட்டேன். இரண்டு மாதம் முடிவதற்குள் கொச்சிக்கே போய்விட்டார்கள். குழந்தை என்ன ஆனது என்று ஒரு கடிதமும் வரவில்லை.

செவலையைக் கிறிஸ்துமஸுக்கு அடித்தோம். அம்மா எனக்குத் தொடைக்கறி வைத்தாள். சாப்பிட்டேன், ருசியாகத்தான் இருந்தது. சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தபோதெல்லாம், ஊறுகாய் திருடியதுவரை சொல்லியிருக்கிறேன். இதைச் சொன்னதில்லை.

இப்போது அந்தப் பின்கட்டு இல்லை. தூண்களையும் நிலைகளையும் பழம்பொருள் வியாபாரிகள் லாரியில் ஏற்றிப் போய்விட்டார்கள். போன வருடம் கொச்சிக்குப் போய், யூதர்கள் இருந்த தெருவில் விசாரித்தேன். வீடுகளெல்லாம் கடைகளாகியிருந்தன. அந்தப் பெயரில் யாரோ இஸ்ரேலுக்குப் போனதாகக் கேள்வி என்றார் ஒரு கடைக்காரர். குழந்தையோடா என்று கேட்டேன், தெரியாது என்றார். புதுக் கத்தி வாங்கினால் இன்றும் என் நகம் தானாக அதன் வாயில் ஓடுகிறது.

அவருக்கு வேண்டியிருந்தது ஒரு வார்த்தை. இத்தனை வருடம் கழித்து அதை இங்கே எழுதி வைக்கிறேன். ஆமாம் சார், கத்தியை எடுத்தது நான்தான். வியாழக்கிழமை ஆட்டுக்கல்லில் தட்டினேன். அக்கா சாப்பிட்ட கறியில் ஒரு குற்றமும் இல்லை.